புதுப் பெடலை மிதித்தது யார்

இது நடந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

எல்லோரும் இப்படிச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனால் கதை கட்டுகிறவன் தன்னை அதில் நல்லவனாகத்தான் வைத்துக்கொள்வான். நான் இதில் நல்லவன் இல்லை. படித்து முடிக்கும்போது உங்களுக்குப் பயம் வருமோ என்னவோ, என்மேல் ஒரு வெறுப்பு வரும். அது தெரிந்தேதான் எழுதுகிறேன். வேறு அத்தாட்சி என்னிடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இது ராத்திரியில் நடக்கவில்லை. போன நவம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. மதியம் மூன்று பத்திலிருந்து மூன்று ஐம்பத்திரண்டு வரை. கையில் கடிகாரம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் பெயர் கிளமெண்ட். பசுமலையில் ஒரு காலேஜ் ஆபீஸில் கிளார்க். எங்கள் கோயில் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறேன். எந்தக் கோயில் என்று சொல்லப் போவதில்லை. அங்கே இன்னும் ஆட்கள் பூசைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் ஒரு பழைய ஹால் உண்டு. பாட்டுப் பயிற்சி அங்கேதான். டிரம்ஸ் அந்த ஹாலின் கடைசி மூலையில், சுவரை ஒட்டி இருக்கும்.

டிரம்ஸ் பழக்கம் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த செட்டில் பெரிதாக, நிமிர்த்தி வைத்த டிரம் ஒன்று இருக்கும். அதைக் கையால் அடிப்பதில்லை. வலது காலால் பெடலை மிதித்தால், அதிலிருக்கும் சின்னச் சுத்தியல் போய் டிரம்மில் அடிக்கும். அதற்குப் பேர் பீட்டர். அடித்த பீட்டரைத் திரும்ப இழுப்பதற்குப் பக்கத்தில் ஒரு ஸ்பிரிங். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு திருகு. திருகை இறுக்கினால் பெடல் கனமாகும், பீட்டர் வெடுக்கென்று திரும்பும். தளர்த்தினால் பெடல் லேசாகும், பீட்டர் சோம்பலாகத் திரும்பும். எனக்கு லேசான கால். எப்போதும் தளர்த்தித்தான் வைப்பேன்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு நாள் பயிற்சிக்குப் போய் உட்கார்ந்தேன். காலை வைத்தால் பெடல் கல் மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். திருகு அடி வரைக்கும் இறுக்கியிருந்தது.

மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நோண்டியிருக்கும் என்று நினைத்தேன். தளர்த்திவிட்டு வாசித்தேன். அடுத்த வாரமும் அதே மாதிரி. அதற்கடுத்த வாரம் பயிற்சி முடிந்ததும் ஹாலை நானே பூட்டினேன். வாட்ச்மேன் தவசியிடம் சொல்லி, இடையில் யாருக்கும் திறக்க வேண்டாம் என்றேன். சனிக்கிழமை வந்து திறந்தேன். இறுக்கியிருந்தது.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு, பூசையில் காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, 'டங்'கென்று ஸ்பிரிங் அறுந்தது. பழைய பெடல், போனால் போகிறது என்றார் ஜாய்ஸ் டீச்சர். பாடகர் குழு அவர் பொறுப்பு. வருகிற சனிக்கிழமை நல்லதாக ஒன்று பார்த்து வாங்கி வந்துவிடச் சொன்னார்.

உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தப் பழைய பெடல் கண்ணில் படாமல் போனால் போதும் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஏன் என்று சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற வாத்தியக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஜெயராம் பொறுமையான மனுஷன். எடுத்த எடுப்பில் பெடலைக் காட்டவில்லை. முதலில் என் காலைப் பற்றிக் கேட்டார். குதிகாலைத் தரையில் ஊன்றி அடிப்பேனா, தூக்கி அடிப்பேனா என்றார். ஊன்றித்தான் என்றேன். ஹாலில் தரை எப்படி என்றார். வழவழப்பான சிமெண்ட் தரை என்றேன். அப்புறம்தான் மூன்று பெடலை எடுத்து வைத்தார்.

முதலாவதில் செயினுக்குப் பதில் வார் போட்டிருந்தது. சத்தமே இல்லை, மெத்தென்று இருந்தது. ஆனால் வேகமாக அடித்தால் பின்தங்கியது. இரண்டாவது இரட்டைச் செயின். அடியில் இரும்புத் தட்டு. கையில் தூக்கினாலே கனம். மூன்றாவது ஒற்றைச் செயின். தட்டு கிடையாது. பூ மாதிரி லேசு.

மூன்றையும் கடையிலிருந்த டிரம்மில் மாட்டி அடித்துப் பார்த்தேன். இரண்டாவதில் கால் வைத்ததும் தெரிந்துவிட்டது, நல்ல பெடல் இதுதான் என்று. அடி நின்று விழுந்தது. கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

ஜெயராமும் அதைத்தான் எடுக்கச் சொன்னார். சிமெண்ட் தரையில் தட்டு இல்லாத பெடல் நகர்ந்துகொண்டே போகும் என்றார்.

நான் வேண்டாம் என்றேன். அந்தக் கனமான பெடலில் கால் வைத்ததும் எனக்கு இன்னாசி அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் அதைத்தான் எடுப்பார். குதிகாலைத் தூக்கி, முழுக் கனத்தையும் முன்பாதத்தில் இறக்கி அடிக்கிற ஆள். எங்கள் குழுவில் எனக்கு முன்னால் டிரம்ஸ் வாசித்தவர்.

மூன்றாவதைக் கட்டச் சொன்னேன். ஜெயராம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கட்டிக் கொடுத்துவிட்டார்.

இப்போது அந்த அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இன்னாசி அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. பம்பு செட் பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தமாகப் பேசத் தெரியாது. பேச வேண்டியதை எல்லாம் டிரம்மில் பேசுவார். எனக்கு இருபத்தைந்து. நானும் டிரம்ஸ் பழகியிருந்தேன். ஆனால் அவர் இருக்கும்வரை எனக்கு ஸ்டூல் கிடைக்காது. நாலு வருஷம் ஓரமாக நின்று டாம்பரின் தட்டினேன்.

அந்த டிசம்பரில் பல பங்குக் கோயில்கள் சேர்ந்து கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டி நடத்தின. எங்களுக்கு இரண்டு பாட்டு. முதல் பாட்டில் மூன்றாவது சரணம் திடீரென்று இரட்டிப்பு வேகத்தில் போகும். இன்னாசி அண்ணனின் கால்தான் அந்தச் சரணத்துக்கு உயிர். அதைக் கேட்கவே ஆட்கள் வருவார்கள்.

மேடை ஏற ஐந்து நிமிஷம் இருக்கும். அவர் முகம் கழுவப் போயிருந்தார். எங்கள் பெடல் மேடைக்குப் பின்னால் இருந்தது. யாரும் இல்லை. நான் குனிந்து ஸ்பிரிங் திருகை ஆறு சுற்றுத் தளர்த்தினேன். ஆறு. எண்ணித்தான் செய்தேன். முழுசாகக் கழற்றினால் கண்டுபிடித்துவிடுவார். ஆறு சுற்று என்றால் மெதுவான இடத்தில் தெரியாது. வேகத்தில் காலை வாரிவிடும்.

வாரிவிட்டது. மூன்றாவது சரணத்தில் அடி விழவில்லை. அவர் மிதிக்கிறார்... விழவில்லை. திரும்ப மிதிக்கிறார். பிந்தி விழுகிறது. பாடுகிறவர்கள் தடுமாறினார்கள். பாட்டு பாதியில் நின்றது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் உதவி செய்கிற மாதிரி ஓடினேன். குனிந்து பெடலைப் பார்ப்பது போலத் திருகைப் பழையபடி இறுக்கினேன். அப்புறம் எல்லோருக்கும் முன்னால் என் காலை வைத்து நாலு அடி அடித்துக் காட்டினேன். நன்றாக விழுந்தது. நிமிர்ந்து ஜாய்ஸ் டீச்சரிடம் சொன்னேன்.

"பெடல் நல்லாத்தான் இருக்கு டீச்சர். அண்ணனுக்குத்தான் கால் வரல."

இன்னாசி அண்ணனுக்கு அப்போதுதான் சர்க்கரை என்று கண்டுபிடித்திருந்தார்கள். பாதம் மரத்துப் போகிறது என்று எங்களிடமே இரண்டு தடவை சொல்லியிருந்தார். அவர் தன் வலது காலைக் குனிந்து பார்த்தார். எழுந்துவிட்டார். இரண்டாவது பாட்டுக்கு நான் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு அவர் பயிற்சிக்கு வரவில்லை. ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

இதுதான் நான்.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். மூன்று பத்துக்குப் புதுப் பெடலோடு ஹாலுக்கு வந்தேன். பயிற்சி ஐந்து மணிக்குத்தான். வாசலில் தவசி நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். மழை பெய்து விட்டிருந்தது. வானம் மூட்டமாக இருந்தது. ஹாலைத் திறந்து ஃபேனைப் போட்டேன்.

மூன்று இருபத்தைந்துக்குப் பெடலை மாட்டி முடித்தேன். ஸ்பிரிங்கை எனக்குத் தகுந்தபடி தளர்த்தினேன். அடித்துப் பார்த்தேன். லேசாக, சுகமாக இருந்தது.

மூன்று முப்பத்தொன்றுக்குக் கரண்ட் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. கையெல்லாம் கிரீஸ். குழாயில் கழுவ வெளியே போனேன். தவசி அப்படியே தூங்கிக்கொண்டிருந்தார். ஹாலுக்கு வாசல் ஒன்றுதான். குழாயிலிருந்து அது நன்றாகத் தெரியும். யாரும் உள்ளே போகவில்லை.

மூன்று முப்பத்தெட்டு. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்தேன்.

கல் மாதிரி இருந்தது.

குனிந்தேன். புதுத் திருகு. அடி வரைக்கும் இறுக்கியிருந்தது.

என்னால் நம்ப முடியவில்லை. நானே மறந்து இறுக்கிவிட்டேனோ என்று யோசித்தேன். மறுபடி தளர்த்தினேன். ஆறு சுற்றுத் தளர்த்தியதும் சரியாக வந்தது. ஆறு... அந்த எண் மனதில் வந்ததும் திருகிலிருந்து கையை எடுத்தேன்.

எழுந்துவிட்டேன். நாலைந்து எட்டுத் தள்ளி ஜன்னல் பக்கம் போய் நின்றேன். மூன்று நாற்பத்தாறு. ஹாலில் சத்தமே இல்லை. வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் 'கிரீச்... கிரீச்...' என்று ஒரு சத்தம்.

திருகு சுற்றுகிற சத்தம்.

நான் திரும்பவில்லை. எண்ணினேன். வேண்டும் என்று எண்ணவில்லை. தானாக எண்ணிக்கொண்டு போனது.

நாலு... ஐந்து... ஆறு.

நின்றது.

மூன்று நாற்பத்தெட்டு.

தும்.

ஒரே ஒரு அடி. நெஞ்சுக்குள் விழுந்த மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஸ்டூல் காலியாக இருந்தது. அதன் மெத்தை அமுங்கவில்லை. யாரும் உட்கார்ந்த அடையாளமே இல்லை. குச்சி இரண்டும் வைத்த இடத்தில் இருந்தன. மற்ற டிரம் எதுவும் அசையவில்லை.

பெடல் மட்டும் அமுங்கியிருந்தது.

தும்... தும்... தும் தும்... தும்...

எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பாட்டு. போட்டியில் பாதியில் நின்ற பாட்டு. பாட்டு இல்லை, ராகம் இல்லை, கை இல்லை. கால் மட்டும் வாசித்தது.

முதல் சரணம் முடிந்தது.

இரண்டாவது சரணம் முடிந்தது.

ஓட வேண்டும் என்று தோன்றியது. ஓட முடியவில்லை. மூன்றாவது சரணம் வரப்போகிறது என்ற பயம்தான் என்னைத் தள்ளியது. அதை நான் கேட்கக் கூடாது. கேட்டால் தாங்க மாட்டேன்.

பாய்ந்து போய்ப் பெடலின் மேல் கையை வைத்தேன்.

நின்றது.

பெடலில் கால் வைக்கிற பலகை சூடாக இருந்தது. ரொம்ப நேரம் ஒரு பாதம் இருந்த சூடு.

என் கை பலகையின் மேல் இருந்தது. என் கைக்கு மேல்...

ஏதோ இருந்தது.

மிதிக்கவில்லை.

அழுத்தவில்லை. முடி கூசுகிற அளவு உயரத்தில், சும்மா நின்றது. நான் கையை எடுப்பதற்காகக் காத்திருந்தது.

என்னை மிதித்திருந்தால் கூடப் பரவாயில்லை. விரலை நசுக்கியிருந்தால் கத்தியிருப்பேன். அது அவ்வளவு மரியாதையாகக் காத்திருந்தது.

"அண்ணே..." என்றேன்.

அதற்கு மேல் சொல்ல வரவில்லை. நான்தான் செய்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். யாருமே இல்லாத ஹால். அங்கே கூட எனக்குச் சொல்ல வரவில்லை.

கையை எடுத்தேன்.

மூன்றாவது சரணம் ஆரம்பித்தது.

வேகம்... அவ்வளவு வேகம்.

ஓர் அடி தப்பவில்லை.

ஒன்று கூட.

கடைசி அடி விழுந்தது. பீட்டர் திரும்பி வந்து ஆடி நின்றது.

மூன்று ஐம்பத்திரண்டு.

கரண்ட் வந்து ஃபேன் சுற்றியது.

நான் எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. தவசி விழித்திருந்தார். டிரம்ஸ் சத்தம் கேட்டதா என்றேன். நான் வாசிக்கிறேன் என்று நினைத்ததாகச் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"இன்னாசி அண்ணனப் பத்தி ஏதாச்சும் தகவல் வந்துச்சா?"

அந்தப் பேரைக் கேட்டதும் தவசியின் முகம் மாறியது. தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. இன்னாசி அண்ணன் செத்துவிட்டார். எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வயிற்றுவலி என்று சொல்லிப் பயிற்சிக்குப் போகவில்லை. போனில் ஜாய்ஸ் டீச்சரிடம் கேட்டேன். இன்னாசி குடும்பம் கொட்டாம்பட்டியில் இருப்பதாகவும், அங்கே ஒரு கயிறு மில்லில் அவர் வேலை பார்த்ததாகவும் சொன்னார். ஆகஸ்டில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். அதற்குப் பிறகு டீச்சருக்கும் விவரம் தெரியவில்லை. தெருப் பேரை மட்டும் கொடுத்தார்.

திங்கட்கிழமை லீவு போட்டேன். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். அவர் மனைவி பிலோமினாக்காவிடமாவது சொல்லிவிட வேண்டும். செத்தவரிடம் சொல்ல முடியாததை அவர் பெண்டாட்டியிடம் சொல்வது. பஸ்ஸில் போகும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஆறு சுற்று என்பதையும் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கொட்டாம்பட்டியில் இறங்கி விசாரித்துப் போனேன். கடைசித் தெருவில் ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"யாரு... கிளமெண்ட்டா? வாப்பா, உள்ள வா."

இன்னாசி அண்ணன் குரல்.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. உயிரோடுதான் இருந்தார். சிரித்தார். சந்தோஷத்தில் கிட்டப் போனேன். அப்போதுதான் பார்த்தேன்.

கைலி வலது பக்கம் தொடைக்குக் கீழே தட்டையாகத் தொங்கியது.

பிலோமினாக்கா டீ கொண்டுவந்து கொடுத்தார். ஆகஸ்ட் பதினாறாம் தேதி எடுத்தார்களாம். முட்டிக்கு மேலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மில்லில் ஆணி குத்தியிருக்கிறது. சின்னப் புண். மருந்து போடச் சொல்லி அக்கா தினமும் கெஞ்சியிருக்கிறார். அண்ணன் கேட்கவில்லை.

ஏன் அண்ணே விட்டீர்கள் என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அன்னைக்கு மேடையில அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய விட்டுட்டுப் போன காலு தானப்பா. அன்னையில இருந்தே அது மேல எனக்குப் பாசம் இல்ல. கெடந்தாக் கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீதான் அன்னைக்கு ஓடியாந்து மானத்தக் காப்பாத்துன. நான் ஒனக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே வந்துட்டேன். தப்பா நினைச்சுக்கிறாத."

அப்போது சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலிக்கிறதா என்று கேட்டேன். கோழை கேட்கிற கேள்வி.

வலி கொஞ்சம்தான் என்றார். ஆனால் இல்லாத கால் இருக்கிற மாதிரியே தோன்றுமாம். அரிக்குமாம். டாக்டரிடம் கேட்டதற்கு, காலை எடுத்த நிறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும் என்றாராம்.

"ஆனா முந்தாநேத்து ஒரு கூத்து நடந்துச்சு. சனிக்கிழமை மதியம் இதுலதான் ஒக்காந்திருந்தேன். திடீர்னு அந்தக் காலு ஆட ஆரம்பிச்சிருச்சு. நிறுத்தவே முடியல. நடுவுல ஒரு தடவ தானா நின்னுச்சு. யாரோ கைய வச்ச மாதிரி. அப்புறம் மறுபடியும்... வேகமா."

பிலோமினாக்கா அவரைப் பேச வேண்டாம் என்று கையமர்த்தினார்.

"மாத்திரைக்கு நேரமாச்சோன்னு இவகிட்ட மணி கேட்டேன். மூணு அம்பதுன்னா."

நான் எழுந்துவிட்டேன். போறேன்ணே என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசிப்பதை விட்டுவிடாதே என்றார். சரிண்ணே என்றேன்.

பஸ் ஸ்டாப் வரை பிலோமினாக்கா கூட வந்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. என்னிடம் ஏதோ கேட்க வேண்டும் போல நடந்தார். நாலு வழிச்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நிழலில் நின்றோம்.

ஹாலில் இப்போதும் பயிற்சி நடக்கிறதா என்றார். நடக்கிறது என்றேன். டிரம்ஸ் அதே மூலையில்தானா என்றார். அதே மூலைதான் என்றேன்.

பிறகு, இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் கேட்டார். அண்ணனுக்கே தெரியாது, தவசிக்கு மட்டும்தான் தெரியும் என்றார்.

ஆபரேஷன் முடிந்து காலைத் துணியில் சுற்றிக் கேட்டிருக்கிறார்கள், என்ன செய்ய என்று. எங்கேயாவது போட்டுவிடுங்கள், என் கண்ணில் காட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டாராம் அண்ணன். அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டார். கொட்டாம்பட்டியில் இருப்பது வாடகை வீடு. புதைக்கத் தங்களுக்கென்று மண் இல்லை. கல்லறைத் தோட்டம் என்றால் அனுமதி கேட்க வேண்டும், அண்ணன் காதுக்குப் போய்விடும். அக்காவின் தம்பியும் அக்காவும் ஆட்டோவில் எடுத்துக்கொண்டு எங்கள் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள். தவசி கடப்பாரை எடுத்துக் குழி தோண்டினாராம்.

எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை. அக்காவாகவே சொன்னார்.

"ஹாலுக்குப் பின்பக்கம், அந்த மூலைச் செவத்த ஒட்டித்தான் தம்பி. உள்ள நீங்க வாசிப்பீங்கல்ல. அது பாவம், சத்தத்தக் கேட்டுக்கிட்டாவது கெடக்கட்டும்னுதான்."

மதுரை பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வந்தாயா என்று கேட்டார்.

"இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

ஏறிவிட்டேன்.